பாண்டிக் கட்டத்தில் ஒரு ஆல்வேஸ்

மாமா கயிற்றோடு வந்திருந்தார்.

புதுத் தேங்காய்நார்க் கயிறு. அதை வளையமாகச் சுற்றித் தோளில் மாட்டிக்கொண்டு, கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்து, எங்கள் ஆஸ்பத்திரி கேட்டுக்கு உள்ளே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். காலடியில் பித்தளைத் தூக்கு. அதன் மூடி சரியாக மூடவில்லை. உள்ளிருந்து வந்த கத்திரிக்காய் கொத்சு வாசனை, ஆஸ்பத்திரியின் லைசால் வாசனையோடு மல்லுக்கு நின்றது.

"கயிறு எதுக்கு மாமா?" என்று கேட்டேன். எதற்கென்று எனக்கே தெரியும்.

"ஒன் தகரப் பெட்டிக்குத் தாப்பா ஒடஞ்சிபோச்சின்னு ஒங்கக்கா சொன்னா. கட்டித் தூக்கினாதான ரயில்ல ஏத்த முடியும்? சாயங்கால வண்டிக்கே கெளம்பிடலாம். நீ உள்ள போயிட்டு வா, நான் இங்கயே குந்தியிருக்கேன்."

அன்று காலை எனக்கு நர்ஸ் படிப்பின் கடைசி வாய்மொழிப் பரீட்சை. அதுவும் இரண்டாவது முறை. முதல் முறை தவறினால் போனால் போகிறதென்று மறுபடி கூப்பிடுவார்கள். மறுபடியும் தவறினால் நர்ஸ் பயிற்சியும் போச்சு, ஹாஸ்டல் கட்டிலும் போச்சு, ஊரைப் பார்க்கப் போக வேண்டியதுதான். பரீட்சைக்குள் நுழைவதற்கு முன்பே பெட்டி கட்ட ஒருவர் கயிறு கொண்டுவந்தால் எப்படி இருக்கும்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப கொத்சு எதுக்கு?"

"அது ஒனக்குத்தான். அழுவசொல்ல வயிறு காலியா இருக்கக் கூடாது பாரு."

நான் விடுவிடுவென்று உள்ளே போனேன். பேசியிருந்தால் பரீட்சைக்கு வைத்திருந்த தெம்பெல்லாம் அங்கேயே செலவாகியிருக்கும்.

பட்டப்பெயர் வந்த கதை

மாமா என்றால் என் அக்காவின் புருஷன். சிதம்பரம் கீழவீதியில் பாத்திரக் கடை வைத்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எங்கள் அப்பா அம்மா போன பிறகு என்னை வைத்துச் சோறு போட்டவர் அவர். ஆனால் அக்காவுக்கு வரிசையாகப் பிள்ளைகள். குளிப்பாட்டவும், தலை வாரவும், மூக்குச் சிந்திவிடவும் வீட்டில் ஒரு ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் நானாக இருந்தால் எல்லோருக்கும் சௌகரியம், என்னைத் தவிர.

நர்ஸ் படிப்புக்குக் கடலூர் போகிறேன் என்று நான் நின்றபோது மாமா வாய்விட்டுச் சிரித்தார். "அங்க எல்லாம் இங்கிலீஷ்ல பேசுவாங்க. நீ வாயத் தெறந்தா பேஷண்டு ஏந்திரிச்சி ஓடிடுவான்" என்றார். அந்தச் சிரிப்புதான் என்னை ரயில் ஏற்றியது. ரோஷம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் ஜாஸ்தி. இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டாம்.

வேலையில் நான் சோடை போகவில்லை. கட்டுப் போடுவேன், ஊசி கொதிக்க வைப்பேன், வாந்தி எடுக்கிறவர் தலையைப் பிடிப்பேன். எந்த வார்டில் எந்தக் குழந்தை எந்நேரம் அழும் என்று சொல்வேன். ஆனால் டியூட்டி மாறும்போது வார்டு நிலவரத்தை இங்கிலீஷில் ஒப்பிக்க வேண்டும். அங்கேதான் என் நாக்கு மடங்கிக்கொள்ளும்.

முதல் வாய்மொழிப் பரீட்சையில் கேட்ட கேள்வி ஒன்றும் பிரமாதமில்லை. காயத்துக்குக் கட்டுப் போடுவதற்கு முன்னால் என்ன செய்வாய்? எப்பவும் கை கழுவுவேன். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருந்தது. "ஆல்வேஸ்..." என்று ஆரம்பித்தேன். அடுத்து எதை வைப்பதென்று தெரியவில்லை. "ஆல்வேஸ் ஹேண்ட்ஸ்... வாஷ் ஆல்வேஸ்... ஐ ஹேண்ட்ஸ் ஆல்வேஸ்..." பரீட்சை வைத்த டாக்டர் பேனாவை மூடிவிட்டார்.

இதை நான் அக்காவிடம் அழுதுகொண்டே ரகசியமாகச் சொன்னேன். அக்கா மாமாவிடம் ரகசியமாகச் சொன்னாள். அடுத்த முறை லீவுக்குப் போனபோது வாசலிலேயே மாமா, "வாம்மா ஆல்வேஸ்!" என்றார். பிள்ளைகள் எல்லாம் "ஆல்வேஸ் சித்தி, ஆல்வேஸ் சித்தி" என்று காலைக் கட்டிக்கொண்டன. நான் அன்று சாப்பிடவில்லை.

எங்கே வைத்தாலும் உட்காரும் சொல்

என் கஷ்டம் என்னவென்று இப்போது நிதானமாகச் சொல்ல முடிகிறது. அப்போது அது வெறும் பயம்.

தமிழில் 'நான் எப்பவும் கை கழுவுவேன்' என்று சொல்லலாம். 'எப்பவும் நான் கை கழுவுவேன்' என்றாலும் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். கோபத்தில் இருந்தால் 'கை கழுவுவேன் எப்பவும்!' என்றுகூடச் சொல்லிவிட்டுப் போகலாம். 'எப்பவும்' என்பது நம் வீட்டுப் பிள்ளை மாதிரி, எந்த மூலையில் பாய் விரித்தாலும் தூங்கிவிடும்.

இங்கிலீஷ்காரன் வீட்டில் அப்படி இல்லை. ஆல்வேஸ், ஆஃபன், நெவர், ஹார்ட்லி, ஜஸ்ட் என்று இருக்கிற இந்தக் குட்டிச் சொற்களுக்கு அங்கே போட்டு வைத்த இடம் உண்டு. முதலில் ஆள், அடுத்து வேலை, இரண்டுக்கும் நடுவில், வேலையைச் சொல்லும் சொல்லுக்குச் சற்று முன்னால் இவை நிற்கும். ஐ ஆல்வேஸ் வாஷ். ஹி ஹார்ட்லி ஈட்ஸ், அதாவது அவர் சாப்பிடுவதே இல்லை என்னும் அளவுக்குத்தான் சாப்பிடுகிறார். இலக்கணப் புத்தகத்தில் இதற்கு வினையடை என்று கௌரவமான பெயர் இருந்தது. புத்தகத்தில் படித்தால் எனக்குப் புரியும். வாயைத் திறந்ததும் புரிந்தது கலைந்துவிடும்.

ஜைனம்பு

ஜைனம்புவுக்கு ஊர் கிள்ளைப் பக்கம். அவள் வாப்பா மலேயாவில் கடை வைத்திருந்தார். யுத்தம் வந்து கப்பல் நின்றதும் தகவலும் நின்றுபோனது. அதன் பிறகுதான் அவள் தாயார் அழுதுகொண்டே அவளைப் பயிற்சிக்கு அனுப்பினாள். ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில் அவளுடையது. முதல் முறையிலேயே தேறியும் என்னை விட்டுப் போகாமல் அந்தக் கட்டிலிலேயே இருந்துவிட்டவள். அந்தப் பெருமையை ஒருநாளும் என்னிடம் காட்டாதவள். எனக்கு நேர்மாறாக, கோபமே வராது அவளுக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மேட்ரன் அம்மா தூங்கப் போயிருந்தார். ஹாஸ்டல் முற்றத்தில் நானும் ஜைனம்புவும் பாண்டி ஆடினோம். கல்யாணம் ஆகியிருந்தால் கையில் பிள்ளை இருக்கிற வயசு எங்களுக்கு. ஆனாலும் பாண்டி என்றால் எனக்கு உயிர். கீழவீதியில் என்னை ஜெயித்தவர்கள் கிடையாது. தேர் ஓடும் நாள் தவிர மற்ற எல்லா நாளும் அந்தத் தெருவில் எங்கள் கட்டங்கள் இருக்கும். காலையில் கோலம் போட வருகிறவர்கள் அதை அழிப்பார்கள், சாயங்காலம் நாங்கள் மறுபடி போடுவோம்.

யுத்தக் காலத்தில் சாக்பீஸ் கிடைக்காது. செங்கல் துண்டால்தான் கோடு. ஓட்டாஞ்சில்லைப் போட்டு, ஒற்றைக் காலில் கட்டம் கட்டமாகத் தாண்டி, இரட்டைக் கட்டம் வந்தால் மட்டும் இரண்டு காலையும் ஊன்றலாம். கடைசிச் சுற்றில் சில்லை நெற்றியில் வைத்துக்கொண்டு, முகத்தை வானத்துக்குத் தூக்கி, கீழே பார்க்காமலே கட்டம் கட்டமாகக் கால் வைக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் "சரியா?" என்று கேட்க வேண்டும். கோட்டை மிதிக்காமல் இருந்தால் மற்றவர்கள் "சரி!" என்பார்கள். ஆடியவர்களுக்குத் தெரியும், அந்த "சரி"க்காக எப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம் என்று.

நான் ஒற்றைக் காலில் நின்றபடியே புலம்பினேன். "அந்த ஆல்வேஸ் எங்க போயி நிக்கிதுன்னே தெரிய மாட்டேங்குதுடி."

ஜைனம்பு சிரித்தாள். "ஏண்டி, பாண்டில ஒரு கட்டத்த உட்டுட்டு அடுத்ததுக்குத் தாண்டுவியா நீ?"

"தாண்டுவனா? அவுட்டு இல்ல?"

"அப்ப இதுல மட்டும் ஏன் தாண்டுற? கட்டம் போட்டுக்க."

அவ்வளவுதான். சில்லைக் கீழே போட்டுவிட்டுச் செங்கல் துண்டை எடுத்தேன். முதல் கட்டம் ஆள். இரண்டாம் கட்டம் குட்டிச் சொல். மூன்றாவது வேலை, அது மட்டும் இரட்டைக் கட்டம். ஐ என்று ஒரு தாவல். ஆல்வேஸ் என்று ஒற்றைக் காலில் இன்னொரு தாவல். வாஷ் என்று இரண்டு காலும் தரையில். அந்த இரண்டு காலையும் ஊன்றும் சுகம் இருக்கிறதே, அதற்காகவே வாய் சரியான இடத்தில் போய் நின்றது.

முற்றமெல்லாம் இங்கிலீஷ்

பிறகு நாங்கள் சும்மா இருக்கவில்லை. ஹேவ், வில் போல ஒரு துணைச் சொல் வந்தால் என்ன செய்வது? அதற்கு ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டோம். குட்டிச் சொல் அதற்கும் வேலைக்கும் நடுவில் நிற்கும். ஐ, ஹேவ், ஜஸ்ட், கிவன். இப்போதுதான் கொடுத்தேன் என்று அர்த்தம். ஈஸ், ஆர் மட்டும் தனியாக வந்தால் குட்டிச் சொல் அதற்குப் பின்னால் போய்விடும். ஷி ஈஸ் ஆஃபன் தர்ஸ்டி, அவளுக்கு அடிக்கடி தாகம் எடுக்கிறது. சம்டைம்ஸ் என்கிற சொல்லுக்கு மட்டும் வாக்கியத்தின் தலைவாசலிலும் நிற்க அனுமதி இருந்தது. "அது வீட்டு மாப்புள. எங்க வேணாலும் குந்தும், கேக்க முடியாது" என்பாள் ஜைனம்பு.

வெல், ஸ்லோலி என்று இருக்கிற சொற்களோ வேலை முடிந்த பிறகு பின்கட்டில் வந்து நிற்கிற ரகம். ஹி ஸ்லெப்ட் வெல். அவற்றுக்குக் கடைசியில் ஒரு கட்டம் போட்டோம்.

இரண்டு வாரத்தில் ஹாஸ்டலே தாவியது. புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, "ஹி! நெவர்! டிரிங்க்ஸ்! மில்க்!" என்று வரிசையாகத் தாவுவார்கள். எங்கள் வார்டில் இருந்த பேஷண்டுகள் எல்லாம் அந்த முற்றத்தில் கட்டம் கட்டமாக வந்து போனார்கள். யார் சாப்பிடவில்லை, யார் தூங்கவில்லை, யாருக்கு மிக்ஸ்சர் கொடுத்தாயிற்று, எல்லாமே எங்கள் காலில் இருந்தது. நாங்கள் விளையாடவும் செய்தோம், படிக்கவும் செய்தோம். இரண்டையும் சேர்த்துச் செய்த சந்தோஷம் எனக்கு வாழ்க்கையில் அதற்குப் பிறகு அடிக்கடி கிடைக்கவில்லை.

பரீட்சைக்கு முந்திய நாள் மேட்ரன் அம்மா பார்த்துவிட்டார்.

அவருக்குத் தமிழ் வராது. வர வேண்டிய அவசியமும் இல்லை, முகமே போதும். வயது வந்த பெண்கள் கணுக்கால் தெரியக் குதிப்பதா என்று ஒரு பார்வை. தோட்டி வந்தான், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான், எங்கள் கட்டங்கள் செந்நிறமாகக் கரைந்து சாக்கடையில் போயின. என்னுடைய சில்லையும் பிடுங்கிக்கொண்டார்.

நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், பிள்ளை மாதிரி அழுதேன். "கட்டம் இல்லாம நாளைக்கு நான் என்னாடி பண்ணுவேன்?"

"கட்டம் தரைலயா இருக்கு? இன்ஷா அல்லாஹ், ஒன் காலுக்குத் தெரியும்டி" என்றாள் ஜைனம்பு.

கடப்பைக் கல்

இப்போது கயிற்றுக்கும் கொத்சுக்கும் திரும்புவோம்.

மாமாவை வேப்பமரத்தடியில் விட்டுவிட்டு நான் பரீட்சை அறைக்குள் போனேன். மேஜைக்குப் பின்னால் சென்னையிலிருந்து வந்த டாக்டரம்மா. வழுவழுவென்று வாரிய தலை, தங்க ஃபிரேம் கண்ணாடி, சிரிப்பு என்பதே இல்லாத வாய். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லாம் அவர் ஒரு தமிழ்ச் சொல்கூடப் பேசவில்லை என்று பயமுறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் மேட்ரன் அம்மா, நேற்றைய அதே முகத்தோடு.

தலையைக் குனிந்தேன்.

தரை முழுக்கக் கடப்பைக் கல். சதுரம் சதுரமாக, ஒன்றையொன்று ஒட்டி, மேஜை வரைக்கும். எத்தனையோ நாள் அந்த அறையைப் பெருக்கிவிட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எனக்குப் பாண்டியாகத் தெரிந்தது. செங்கல் கோடுகளையாவது தண்ணீர் ஊற்றி அழிக்கலாம், கல்லை யார் அழிப்பார்கள்?

டாக்டரம்மா கேட்டது அதே கேள்வி. கட்டுப் போடுவதற்கு முன்னால் என்ன செய்வாய்?

புடவைக்குள் வலது குதிகால் தானாகத் தூக்கிக்கொண்டது. "ஐ" என்றேன், கட்டைவிரல் நகர்ந்தது. "ஆல்வேஸ்" என்றேன், இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. "வாஷ் மை ஹேண்ட்ஸ்." இரண்டு காலும் கல்லில் பதிந்தன. ஒரு கட்டம் முன்னால் வந்திருந்தேன்.

காய்ச்சல்காரரைப் பற்றி ஒரு கேள்வி. "ஐ ஹேவ் ஜஸ்ட் டேக்கன் ஹிஸ் டெம்பரேச்சர்." இன்னொரு கட்டம். சாப்பாட்டைப் பற்றி ஒரு கேள்வி. "ஹி ஹார்ட்லி ஈட்ஸ், டாக்டர்." இன்னொரு கட்டம். நான் நகர்ந்து நகர்ந்து வருவதை மேட்ரன் அம்மா கவனித்துவிட்டார். எனக்கு நிற்க முடியவில்லை. நிற்கப் பிடிக்கவும் இல்லை. ஒவ்வொரு சொல்லும் போய் அதனதன் இடத்தில் உட்கார உட்கார, மார்புக்குள் என்னவோ நிமிர்ந்துகொண்டே வந்தது.

கடைசியாகக் கேட்டார். உயிருக்குப் போராடுகிற நோயாளியை விட்டுவிட்டு வெளியே போவாயா?

இந்தக் கேள்விக்கு நான் இங்கிலீஷைத் தேட வேண்டியிருக்கவில்லை. இரவு பகலாகச் செய்த வேலை. "ஐ..." ஒரு தாவல். "நெவர்..." ஒற்றைக் காலில், பகிரங்கமாக. "லீவ்!" என்று இரண்டு காலையும் ஊன்றியதில் மேஜை மேல் இருந்த மைக்கூடு ஆடியது. "எ டையிங் பேஷண்ட், டாக்டர்!"

மேஜைக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றேன். ஆட்டம் முடிந்தது. முடிந்தால் என்ன செய்வோம்? பழக்கம் விடவில்லை. முகம் தானாகக் கூரைக்குத் தூக்கிக்கொண்டது, கண் மூடிக்கொண்டது, வாய் தமிழில் கேட்டுவிட்டது.

"சரியா?"

"சரி!"

பதில் பட்டென்று வந்தது. நல்ல கணீர்த் தமிழில், தெருப் பிள்ளையின் குரலில்.

கண்ணைத் திறந்தேன். டாக்டரம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. மேட்ரன் அம்மா ஒன்றும் விளங்காமல், இந்தப் பெண் என்ன கேட்டாள் என்று இங்கிலீஷில் விசாரித்தார்.

"ஷி ஹேஸ் ஜஸ்ட் ஆஸ்க்ட் மீ இஃப் ஷி ஈஸ் ரைட்" என்றார் டாக்டரம்மா. அந்த ஜஸ்ட் எங்கே நின்றது என்று அந்தக் கலவரத்திலும் நான் கவனித்தேன். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அண்ட் ஷி ஈஸ்" என்றார்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. சலுகை காட்டிவிட்டார் என்று யாரும் பேசிவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கையால் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் கால் உதவாது. முன்னைவிடக் கடினமாக, அடுக்கடுக்காகக் கேட்டார். விஷம் குடித்தவர், வலிப்பு வந்தவர், பிரசவத்துக்கு வந்தவர். நான் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சொன்னேன். ஒரு சொல் இடம் மாறவில்லை. ஜைனம்பு சொன்னது சரி, கட்டம் தரையில் இல்லை.

எழுந்து கதவு வரை போனபோது பின்னாலிருந்து தணிந்த குரல் தமிழில் கேட்டது. "உங்க ஊர்ல எத்தன கட்டம் போடுவீங்க?"

"எட்டும்மா."

"எங்க ஊர்லயும் எட்டுதான். போ."

கயிறு வீணாகவில்லை

மத்தியானம் வராந்தாவில் தேறியவர்களின் பெயர்களைப் படித்தார்கள். என் பெயர் வந்ததும் ஜைனம்பு "அல்ஹம்துலில்லாஹ்!" என்று போட்ட சத்தத்தில் வார்டிலிருந்து பேஷண்டுகள் எட்டிப் பார்த்தார்கள். நான் வேப்பமரத்துக்கு ஓடினேன். மாமா கயிற்றைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, ஏந்திரிங்க. பெட்டியக் கட்டணும்."

"நான்தான் சொன்னேன்ல" என்று கண்ணைக் கசக்கிக்கொண்டே எழுந்தார். "பரவால்ல உடு. மொதல்ல கொத்சத் துன்னு."

"பெட்டி ஊருக்கு இல்ல மாமா. மாடிக்கு. ஸ்டாஃப் நர்ஸுங்க ரூமெல்லாம் மேல இருக்கு. நான் இனிமே அங்கதான்."

மாமா என்னைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். "நெசமாவா?" என்றார். என் முகத்தைப் பார்த்தே பதில் தெரிந்திருக்க வேண்டும். அவர் கொண்டுவந்த கயிற்றாலேயே என் தகரப் பெட்டியைக் கட்டி, மேட்ரன் அம்மாவின் அனுமதியோடு, தலையில் வைத்து மாடிப்படி ஏறினார். நான் முன்னால் கையை வீசிக்கொண்டு போனேன். அந்த மாடிப்படியில் ஏறிய சந்தோஷத்தை எழுதிக் காட்ட எனக்கு இன்னும் தெரியவில்லை.

கீழே இறங்கி வந்தபோது முற்றத்தில் ஜைனம்பு செங்கல் துண்டோடு குனிந்திருந்தாள். பட்டப்பகலில், மேட்ரன் அம்மா ஜன்னல் வழியாகப் பார்க்கப் பார்க்க, கட்டங்களை மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் தடுக்கவில்லை. பெண்கள் எல்லோரும் சுற்றி நின்று கொத்சை வழித்துச் சாப்பிட்டார்கள்.

"இது இன்னா பாண்டி? மூணு கட்டத்தோட நின்னுபோச்சி?" என்று மாமா கேட்டார்.

"இங்கிலீஷ் பாண்டி அண்ணே" என்றாள் ஜைனம்பு. "மொதல்ல ஆளு. அடுத்தது ஆல்வேஸ். அப்புறம் வேல. அங்கதான் ரெண்டு காலையும் ஊனணும்."

மாமா கொஞ்ச நேரம் கட்டங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். கடைக்கு வருகிற உத்தியோகஸ்தர்களோடு பேசிப் பழகிய அரைகுறை இங்கிலீஷ் அவருக்கும் உண்டு. திடீரென்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஐ!" என்று ஒரு தாவல். அந்த உடம்பு தாவும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"ஆல்வேஸ்!" ஒற்றைக் காலில் தள்ளாடி, கோட்டை மிதிக்காமல் நின்றார்.

"ஸெட்!" இரண்டு காலும் தொம்மென்று இறங்கின. "ஐ ஆல்வேஸ் ஸெட், இந்தப் பொண்ணு பாஸாயிடும்னு!"

அப்பட்டமான பொய். காலையில் கயிற்றோடு வந்த மனுஷன். பெண்களெல்லாம் என் முகத்தைப் பார்த்தார்கள். மாமா, கீழவீதியில் வளர்ந்தவர் அல்லவா, முகத்தை வானத்துக்குத் தூக்கிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சரியா?" என்று கேட்டார்.

கால் கட்டத்துக்குள்தான் இருந்தது. ஆல்வேஸும் அதன் இடத்தில்தான் இருந்தது. நானும் ஜெயித்திருந்தேன்.

"சரி!" என்று ஆஸ்பத்திரியே கேட்கக் கத்தினேன்.